டிட்டும் ஹேவும் விளாங்குடிக்காரியும்

நம் வயதுக்காரர்களிடம் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும். சின்னதுகளிடம் சொன்னால், போனில் தட்டினால் அதுவே சொல்லிவிடுமே என்று சிரிக்கும். சொல்லத்தான் செய்கிறது. ஆனையூரில் என் வீட்டு ஹாலில் தனியாக உட்கார்ந்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கு ஒரு வரி தட்டுகிறேன். மருமகள் வடக்கத்திப் பெண், அவளுக்கும் புரிய வேண்டும் என்று இங்கிலீஷில் தட்டுகிறேன். உடனே அடியில் சிவப்பாய் ஒரு கோடு நெளிகிறது. ‘டிட்’ போட்ட இடத்தில் ‘ஹேவ்’ போடு என்கிறது. அதைக் கண்டால் இந்த வயதிலும் என் விரல் ஒரு தரம் தயங்கும்.

உங்கள் விரலும் தயங்கும், எனக்குத் தெரியும். ‘ஐ ஸா ஹிம்’ என்பதா, ‘ஐ ஹேவ் ஸீன் ஹிம்’ என்பதா என்று வாயைத் திறந்தபடி நின்றவர்கள்தானே நாம் எல்லோரும். பேங்க் கவுன்டருக்கு எந்தப் பக்கம் நின்றாலும் சரி, அந்தத் திக்கல் நம் தலைமுறைக்கு வாய்த்தது. எனக்கு அது எங்கே ஒட்டிக்கொண்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். ஆறாம் வகுப்பில், ஆடிக் காற்றில் தொடங்கிப் பொங்கலுக்கு முன்னால் முடிந்துபோன சமாசாரம். பெரிய கதையெல்லாம் இல்லை. ஒருத்தியைப் பற்றிய ஞாபகம்.

அந்த வருஷம்தான் அப்பாவுக்குத் தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு மாற்றல். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். திண்டுக்கல் ரோட்டில், விளாங்குடிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ஒரு வீட்டின் பின்கட்டில் குடி வந்தோம். தூத்துக்குடியில் எந்தத் தெருவில் நின்றாலும் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். இங்கே அடித்தது புழுதி. காயப்போட்ட பாவாடையை உதறினால் மூக்குக்குள் போய்த் தும்மல் வரும். பஞ்சாலைச் சங்கு ஊதினால் மணி தெரியும். வீட்டுக்காரர் வீட்டில் பிள்ளைகள் கிடையாது, ஒரு கறவை மாடுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்த மாட்டின் முகத்தில்தான் நான் முழிக்க வேண்டும். எனக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாரும் இல்லை.

மதுரைக்கு வந்ததும் அப்பா ஒரு சட்டம் போட்டார். ராத்திரிச் சாப்பாட்டில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும். பிள்ளைக்குப் பேச்சு வரவேண்டுமென்றால் வீட்டிலும் பழக வேண்டும் என்று யாரோ ஆபீஸில் சொன்னார்களாம். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆகவே ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா பேசவில்லை. ரசம் வேண்டுமா என்று கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள். நான் ‘நோ, தேங்க் யூ’ என்பேன். அப்பா தட்டைப் பார்த்தபடி தலையை ஆட்டுவார். முன்னெல்லாம் மீன்காரியோடு போட்ட சண்டை, கிணற்றடியில் கேட்டது என்று ஒன்று விடாமல் சொல்லிச் சிரிக்க வைக்கிற அம்மா அவள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் குரல் இல்லாமல் சோறு தின்றேன்.

என்னைச் சேர்த்தது ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம். அங்கே வகுப்புக்கு ஒரே ஒரு செக்‌ஷன்தான் இங்கிலீஷ் மீடியம். மற்றதெல்லாம் தமிழ். அந்த ஒரு செக்‌ஷனில் இடம் வாங்க அப்பா நடையாய் நடந்தார். இடம் கிடைத்த அன்றைக்கு எனக்குப் புதுசாய் ஒரு தகரப் பெட்டி வந்தது, மூடியில் மயில் படம் போட்டது. பெட்டியைத் திறந்தால் பெயின்ட் வாசமும் உள்ளே போட்ட ரசகற்பூர வாசமும் சேர்ந்து வரும். அந்தப் பெட்டி பின்னால் எந்த வீட்டு மாற்றலில் போனதோ தெரியவில்லை.

அந்த வகுப்பில் ஒரு கட்டை உண்டு. கரும்பலகை அழிக்கிற டஸ்டர் அளவுக்கு ஒரு மரக்கட்டை, மேலே ஓட்டை போட்டுச் சணல் கோத்தது. தமிழ் பேசி மாட்டிக்கொண்டவள் அதைக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். அடுத்தவள் தமிழ் பேசுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிந்து, பேசியவளைப் பிடித்து, அவள் கழுத்துக்கு மாற்றிவிட்டால் இவளுக்கு விடுதலை. கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் தொங்குகிறதோ அவள் பெயர் கரும்பலகை மூலையில் ஏறும். அதை யாரும் அழிக்கக் கூடாது. உங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு ஏதாவது இருந்திருக்கும், காசு வாங்குவது, பெஞ்சு மேல் ஏற்றுவது என்று. எங்களுக்குக் கட்டை. பல பேருடைய கழுத்து வியர்வையில் ஊறி அந்தச் சணல் கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கும்.

இதில் இன்னொரு கூத்து. தண்டனை கட்டையோடு நிற்பதில்லை. அடுத்தவளைக் காட்டிக்கொடுத்தால்தான் தப்பிக்கலாம் என்பதால் வகுப்பில் யாரும் யாரையும் நம்புவதில்லை. தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேர் குனிந்தால் மூன்றாவது ஒருத்தி பின்னால் நின்று ஒட்டுக் கேட்பாள். புதுசாய் வந்த என்னிடம் எவள் வந்து மனசு விட்டுப் பேசுவாள்? பேசியவள் ஒருத்திதான். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விளாங்குடிக்காரி.

அவளை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். விளாங்குடிக் கண்மாய்ப் பாசனத்தில் அவர்களுக்கு வயல் இருந்தது. வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்தவர்கள் குறைவு. மிலிட்டரியில் இருந்த சித்தப்பா ஒருவர் லீவில் வந்தபோது, இந்தப் பிள்ளையை இங்கிலீஷில் படிக்க வைத்தே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்று சேர்த்துவிட்டுப் போனாராம். சுருட்டை முடி, எண்ணெய் வழியும் இரட்டைச் சடை, கையில் பச்சை ஒயர்கூடை. கூடைக்குள் புத்தகத்தோடு தூக்குச்சட்டியும் இருக்கும். அதில் புளிக்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறும் சுட்ட கருவாடும். மூடியைத் திறந்தால் முன் பெஞ்சுக்காரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார்கள். கடற்கரை ஊரில் பிறந்த எனக்கு அந்த வாசம் வந்ததும் பாதி உயிர் திரும்பிவிடும். என் தயிர்சாதத்தை அவள் பக்கம் தள்ளுவேன், அவள் கருவாட்டை என் பக்கம் தள்ளுவாள். இது பேசாமலே நடந்தது.

பேச்சு முழுக்க பஸ்ஸில்தான். காலையில் அவள் விளாங்குடியில் ஏறி, கூடையை ஜன்னலோரம் வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். நான் ஏறினதும் கூடை மடிக்குப் போகும். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் தமிழுக்குத் தடையில்லை. அவள் பேசுவாள் பாருங்கள், மடை திறந்ததுதான். மாடு கன்று போட்டது, அவள் அம்மா சண்டை போட்டுக்கொண்டு அம்மாச்சி வீட்டுக்குப் போய்விட்டு மறுநாளே கோழியோடு திரும்பி வந்தது, எல்லாம் வரும். நான் ‘சொல்லுதேன்’ என்று எங்கள் ஊர்ப் பேச்சில் ஆரம்பித்தால், அதையே திருப்பிச் சொல்லிக் கேலி செய்வாள். கேலிதான், ஆனால் கேட்பாள். நாள் முழுக்க எனக்கென்று ஒருத்தி காது கொடுத்தது அந்தப் பஸ் பயணத்தில் மட்டும்தான்.

இப்படி இருக்கும்போது எங்கள் பழைய இங்கிலீஷ் டீச்சர் பிரசவத்துக்குப் போக, அவர் இடத்துக்குப் புதுசாய் ஒரு மிஸ் வந்தார். திருநகரிலிருந்து வருவார். கஞ்சி போட்ட காட்டன் சேலை மடிப்புக் கலையாமல் நிற்கும். பக்கத்தில் வந்தால் பவுடர் வாசம். டிரெய்னிங் முடித்த கையோடு வந்தவர். அன்றைக்கு எனக்கு அவர் ராட்சசி. இன்றைக்குக் கணக்குப் போட்டால் என் மகன் வயசுகூட இருக்காது, பாவம், சின்னப் பெண். ஹெட்மிஸ்ட்ரஸான பெரிய சிஸ்டர் வராந்தாவில் நடந்துவரும் செருப்புச் சத்தம் கேட்டால் மிஸ் எழுதிக்கொண்டிருந்ததை அவசரமாய் அழித்து மறுபடி எழுதுவார். அதை நான் பார்த்திருக்கிறேன். பயம் என்று அப்போது புரியவில்லை.

அவர் பாடம் நடத்துகிற விதம் உங்களில் பல பேருக்குப் பழக்கமானதாக இருக்கும். கதவருகே போய் நின்று, ‘ஐ ஆம் கோயிங் டு ஓப்பன் தி டோர்’ என்பார். கதவைத் தள்ளிக்கொண்டே ‘ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்’ என்பார். திறந்து முடித்துத் திரும்பி ‘ஐ ஹேவ் ஓப்பன்ட் தி டோர்’ என்பார். நாங்கள் கோரஸாய் ராகம் போடுவோம். இதுவரைக்கும் வம்பில்லை. வம்பு எங்கே என்றால், நேற்றுத் திறந்த கதவுக்கு ‘ஹேவ்’ வராது, ‘ஐ ஓப்பன்ட்’ என்றுதான் வரும். இன்றைக்குத் திறந்து, எப்போது திறந்தேன் என்று சொல்லாமல், கதவு திறந்தே கிடந்தால் ‘ஹேவ்’. இந்த இரண்டையும் எங்களுக்கு ஏற்றிவிட வேண்டும் என்று மிஸ் கங்கணம் கட்டிக்கொண்டார். தரையில் சாக்பீஸால் நீளமாய் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நேற்று, அந்தப் பக்கம் இப்போது. பாண்டி விளையாட்டு மாதிரி, அவர் ஒரு விஷயத்தைச் சொன்னதும் சரியான பக்கம் குதித்து நின்று வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். தப்பான பக்கம் குதித்தால் அதற்கும் கட்டைதான் என்று புதுச் சட்டம் வந்தது.

முதல் நாளே நான் தப்பான பக்கம் குதித்தேன். கட்டை விழுந்தது. அன்றைக்கு வகுப்பு சிரித்த சிரிப்பில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை. தமிழ் பேசினால் கட்டை, இங்கிலீஷ் பேசினால் ‘டிட்’டா ‘ஹேவ்’வா என்று தெரியாமல் கட்டை. பேசாமல் இருந்துவிட்டால் ஒன்றும் இல்லை. தலையை ஆட்டியே காலம் தள்ளினேன். வீட்டிலும் அந்தச் சட்டம் இருந்ததால் அங்கேயும் தலையாட்டல்தான். பிள்ளை முகம் வாடிக் கிடக்கிறதே என்று அம்மா எனக்கு மந்திரித்துக் கயிறு கட்டினாள். அப்பா சத்து டானிக் வாங்கி வந்தார். ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

கேட்டது விளாங்குடிக்காரிதான். கேட்டு, அவளே சரிப்படுத்தவும் இறங்கினாள். அவளுக்கு அந்தக் கோட்டு விளையாட்டு முதல் நாளே பிடிபட்டுவிட்டது. ஒரு தடவைகூடத் தப்பான பக்கம் குதித்ததில்லை. எப்படி என்று கண்ணாலேயே கேட்டேன். பாடம் நடக்கும்போதே, புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு, என் காதுக்குள் சொன்னாள்.

"நேத்து வயலுக்குத் தண்ணி விட்டோம்னா, விட்டோம், அம்புட்டுத்தான். தண்ணி விட்டிருக்கோம்னா இப்ப எறங்குனாலும் கால் பொதையும்டி. ஈரம் கெடக்கு. அதுக்குத்தான் ஹேவ்வு."

எனக்கு அப்படியே விளங்கிவிட்டது. அட, இது நம்மிடமே இருக்கிறதே, இதற்கா இத்தனை பாடு என்று இருந்தது. வந்தேன், வந்திருக்கிறேன் என்று நாளெல்லாம் நாமே சொல்லிக்கொண்டுதானே திரிகிறோம். அடுத்த முறை என் பெயரைக் கூப்பிட்டபோது சரியான பக்கம் குதித்தேன். மிஸ் ‘குட்’ என்றார். திரும்பி வந்து பார்த்தால் விளாங்குடிக்காரி கழுத்தில் கட்டை. தமிழில் கிசுகிசுத்ததை வகுப்பு லீடர் பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து இதுவே வழக்கமாகிப் போனது. மிஸ் புதுசாய் ஒன்று கேட்பார், நான் விழிப்பேன், அவள் வயலையும் வரப்பையும் வைத்துக் காதுக்குள் சொல்வாள். அதை இங்கிலீஷில் சொல்ல அவளுக்கும் வராது, எனக்கும் புரியாது. கேட்பது குற்றமில்லை, சொல்வதுதான் குற்றம். என் கழுத்து வெறுமையாய் இருந்தது, அவள் கழுத்தில் கட்டை ஆடியது. அவளாவது வேறு யாரையாவது பிடித்துக் கொடுத்துத் தப்பிக்கலாம் அல்லவா? மாட்டாள். காட்டிக்கொடுக்கிற பிழைப்பு நமக்கெதற்கு என்று பஸ்ஸில் சொல்லிச் சிரித்தாள். ஆக, அவள் கழுத்துக்குப் போன கட்டை கடைசி மணி வரைக்கும் அங்கேயே கிடந்தது. கரும்பலகை மூலையில் அவள் பெயர் ஏறிக்கொண்டே போனது.

புரட்டாசி பிறந்த சமயம் வைகையில் தண்ணீர் வந்தது. பாலத்தில் பஸ் ஏறும்போது அவள்தான் முதலில் பார்த்தாள். "ஆத்துல தண்ணி வந்திருக்குடி" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பஸ்ஸே ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தது. அதுவரை மணலும் கருவேலமும் துவைக்கிற கல்லுமாய்க் கிடந்த ஆறு, செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போனது. ஈர மண் வாசம் ஜன்னல் வழியாய் வந்தது. கண்மாய் பெருகிவிட்டால் வீட்டுக்கு வந்து வயலில் இறங்கு, கால் புதைவதைக் காட்டுகிறேன் என்றாள். அந்த வருஷம் முழுக்க நான் சந்தோஷமாய் இருந்த நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

காலாண்டுப் பரீட்சை லீவு முடிந்து வந்தோம். இங்கிலீஷில் நான் முதல் மார்க். எனக்கே நம்ப முடியவில்லை. அவளும் நல்ல மார்க்தான் வாங்கியிருந்தாள். ஆனால் மிஸ் மார்க்கை வாசித்த கையோடு கரும்பலகை மூலையைக் காட்டினார். எத்தனை தடவை தண்டித்தாலும் தமிழை விடமாட்டேன் என்கிறவளுக்கு இங்கே படிக்க மனசில்லை என்று அர்த்தம், தீபாவளி கழிந்ததும் அவள் தமிழ் மீடியத்துக்குப் போகலாம், பெரிய சிஸ்டரும் சம்மதித்துவிட்டார் என்றார். வகுப்பு அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் ஒயர்கூடையின் விளிம்பை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் அவள் கூடையை மடியில் வைத்துக் குனிந்தபடி வந்தாள். சித்தப்பாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார் என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அவள் சித்தப்பாவைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. என் கவலை ஒன்றே ஒன்றுதான். அவள் போய்விட்டால் இந்த ஊரில் எனக்குப் பேச ஆள் கிடையாது. தமிழ் மீடியம் ரோட்டைத் தாண்டி வேறு கட்டடம். அவர்களுக்குக் காலையில் முன்னதாகவே மணி அடித்துவிடும், சாயங்காலமும் முன்னதாகவே விட்டுவிடும். பஸ்ஸும் வேறாகிப் போகும். அவள் தமிழ் பேசியது எனக்குப் பாடம் சொல்லத்தான் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மிஸ்ஸிடம் இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும். தமிழில் ஆரம்பித்தாலே கட்டைதான் பதில்.

ஒரு வாக்கியம். அதைத் தயார் செய்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ‘ஷி டாட் மி’ என்றால் அவள் என்றைக்கோ சொல்லிக் கொடுத்தாள், முடிந்தது என்றாகிவிடும். அப்படி இல்லையே, அவள் சொல்லிக் கொடுத்தது இன்னும் எனக்குள் இருக்கிறதே, அதில்தானே முதல் மார்க் வந்தது. ஆகவே ‘ஹேஸ்’தான் போட வேண்டும். அவள் சொன்ன வயலை நினைத்துக்கொண்டு இந்த முடிவுக்கு வந்தேன். மாட்டிடம் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் இங்கிலீஷ் வகுப்பு முடிகிற சமயம் எழுந்து, மிஸ்ஸின் மேஜைக்குப் போய், நின்று சொன்னேன்.

"மிஸ், ஷி ஹேஸ் டாட் மி. ஷி ஹேஸ் டாட் மி எவ்ரிதிங்."

மிஸ்ஸின் முகம் மலர்ந்ததே, அதை நான் மறக்கவே மாட்டேன். என் தோளில் கை போட்டு வகுப்பைப் பார்த்துத் திருப்பினார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஏன் இங்கே ‘டாட்’ என்று நிறுத்தாமல் ‘ஹேஸ் டாட்’ என்றாள் என்று வகுப்பைக் கேட்டார். பலன் இப்போதும் இருப்பதால் என்று வகுப்பு கோரஸாய்ப் பதில் சொன்னது. வாயே திறக்காத பிள்ளை எப்படிப் பேசுகிறாள் பாருங்கள் என்று எல்லோரையும் கை தட்டச் சொன்னார். ‘ஷி’ என்றால் எவள், எதைச் சொல்லிக் கொடுத்தாள் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. ‘ஷி’ தன்னைத்தான் என்றே எடுத்துக்கொண்டாரோ, அல்லது அதுகூட இல்லாமல் வாக்கியத்தை மட்டும்தான் கேட்டாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் விளாங்குடிக்காரியைக் கை காட்டினேன். அவளும் தட்டட்டும் என்று நான் சொல்வதாய் நினைத்து மிஸ் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். கட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் தட்டினாள். எல்லோரையும் விடச் சத்தமாய்த் தட்டினாள். மணி அடித்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் முடியவில்லை, வீட்டிலாவது முடியுமா என்று பார்த்தேன். ராத்திரிச் சாப்பாட்டில், சட்டப்படி இங்கிலீஷிலேயே, நானும் தமிழ் மீடியத்துக்குப் போகிறேன், என் சிநேகிதி போகிறாள் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா எடுத்த கவளத்தை அப்படியே தட்டில் போட்டார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் முகம் ஒரு மாதிரிக் கறுத்துப் போனது. "எனக்கு வாய்ச்சது உனக்கும் வாய்க்கணுமா?" என்றார், தமிழில்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எந்தப் பிள்ளை போவுது? எங்க போவுது?" என்று கேட்டாள்.

தான் இப்போதுதான் தமிழில் பேசினோம் என்பதைக்கூட மறந்துவிட்டு அப்பா அம்மாவைப் பார்த்து ‘இங்கிலீஷ்’ என்றார். அம்மா வாயை மூடிக்கொண்டாள். கரண்டியை எடுத்து எனக்கு மோர் ஊற்றினாள். அப்பாவுக்கு என்ன வாய்த்தது என்று அவர் காலமான பிறகுதான் அம்மா சொன்னாள். மதுரைக்கு வந்த புதிதில், அப்பா எழுதிய இங்கிலீஷ் குறிப்பை அவருடைய மேலதிகாரி ஆபீஸ் முழுக்கக் கேட்க வாசித்துக் காட்டிச் சிரித்தாராம். அதைச் சொல்லி என்ன, அந்த மனுஷரும் தனியாகத்தான் இருந்திருக்கிறார். மூன்று பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் தனியாக இருந்தோம்.

தீபாவளி கழிந்து அவள் வரவில்லை. அவள் இருந்த இடத்தில் என் தகரப் பெட்டியை வைத்துக்கொண்டேன். காலையில் பஸ் ஏறும்போது ஜன்னலோரத்தில் வேறு யாராவது இருப்பார்கள். வைகையில் தண்ணீர் வற்றி மறுபடி மணல் தெரிந்தது, அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை. மத்தியானம் தயிர்சாதத்தை முழுசாக நானே தின்றேன். மிஸ்ஸுக்கு நான் செல்லப் பிள்ளையாகிவிட்டேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் முன்னால் என்னைத்தான் எழுப்பினார். வாக்கியம் வாக்கியமாய்ச் சொன்னேன், ஒன்றிலும் தப்பில்லை. பேச்சு என்று எதையும் அந்த மாதங்களில் நான் பேசவில்லை. உங்களுக்கு அந்த வயதில் அப்படி ஒரு தனிமை வந்ததா என்று தெரியாது. வந்திருந்தால், அது பெரியவர்களுக்கு வருவது மாதிரியேதான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அவளுக்கு ஒன்று தெரிய வேண்டும் என்று மட்டும் எனக்கு ஆசையாய் இருந்தது. நான் சும்மா இருக்கவில்லை, மிஸ்ஸிடம் அவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் என்று தெரிய வேண்டும். என்னைக் காப்பாற்றிவிட்டு அவள் போக, நான் கைதட்டல் வாங்கிக்கொண்டு நின்றதாய் அவள் நினைத்துவிடக் கூடாது. எங்கேயாவது பார்த்தால் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் தினமும் ஒத்திகை பார்த்தேன். எதையும் முதலில் மனசுக்குள் இங்கிலீஷில் அடுக்கி, சரியா தப்பா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பது என்று அதற்குள் எனக்குப் பழகிப்போயிருந்தது. அந்த ஒத்திகையும் இங்கிலீஷிலேயே ஓடியது. அதை நான் கவனிக்கவில்லை.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால், சிஸ்டர்களுக்கு ஏதோ விசேஷம் என்று எல்லா வகுப்பையும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டார்கள். சிம்மக்கல் ஸ்டாப்பில் கூட்டம். கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்துமாய் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் அங்கே நின்றாள். சுற்றி நாலைந்து பிள்ளைகள், எல்லோரும் அவித்த பனங்கிழங்கை நார் உரித்துத் தின்றுகொண்டு, ஒருத்தி பேச்சில் இன்னொருத்தி விழுந்து சிரித்துக்கொண்டு இருந்தார்கள். அவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நல்லா இருந்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். அங்கே எவளும் எவளையும் ஒட்டுக் கேட்கவில்லை.

என்னைப் பார்த்ததும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். கையில் இருந்த கிழங்கைப் பாதியாய் ஒடித்து என் முன்னால் நீட்டினாள்.

"எங்கிட்டுடி போயிட்ட? ஆளையே காணோம். இந்தாடி, தின்னு."

எனக்கு ஒரே நேரத்தில் எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. அழுகை வந்தது, சிரிப்பு வந்தது. சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தேன். ஒத்திகை பார்த்தது அப்படியே வந்தது.

"ஐ ஹேவ் டோல்ட் மிஸ். ஐ ஹேவ் டோல்ட் மிஸ் அபவுட் யூ."

பின்னால் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி என் குரலைப் போலவே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டினாள். விளாங்குடிக்காரி சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். வாக்கியம் அவளுக்குப் புரிந்திருக்கும், புரியாமல் இருக்க வழியில்லை. ஆனால் அவள் பார்த்தது வாக்கியத்தை இல்லை என்று நினைக்கிறேன். தமிழில் சொல்லு, தமிழில் சொல்லு என்று நான் எனக்குள் அடித்துக்கொண்டேன். நாக்கு அசையவில்லை.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் கிழங்கை என் உள்ளங்கையில் வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பிடுங்க" என்றாள்.

கேலியாய்ச் சொல்லவில்லை. டீச்சர் வீட்டுப் பிள்ளைக்கோ ஊருக்குப் புதுசாய் வந்த பெரிய மனுஷிக்கோ சொல்வது மாதிரி, உள்ளபடியே மரியாதையாய்ச் சொன்னாள். அவர்கள் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். அப்பாவுக்கு மறுபடி எங்கெங்கோ மாற்றல் வந்தது, நான் பெரிய படிப்புப் படித்தேன், இங்கிலீஷில் பேசியே பேங்கில் உத்தியோகம் பார்த்து, திரும்பவும் இதே மதுரைக்கு வந்து ரிட்டயர் ஆனேன். ஆபீஸில் மேடம் என்றார்கள், கட்டிக்கொண்டவர் இருந்தவரைக்கும் ‘இந்தாம்மா’ என்றார், இப்போது ஆனையூரில் எல்லோரும் ‘வாங்க, போங்க’ என்கிறார்கள். என்னை ‘டி’ போட்டுப் பேச அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.